மந்திரக்கோலும் விவேகமும்

ஆன்மிக வகுப்பு முடிந்து அன்பர்கள் கலைந்து செல்லும் நேரம். ஒரு தாய் தயங்கித் தயங்கி வந்து சுவாமிகளிடம் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய மகனுக்குப் பத்து வயது. காலையில் கீதை சுலோகங்களை ஒப்புவிக்கும் அதே சிறுவன், இரவில் போர்வைக்குள் விளக்கை வைத்துக்கொண்டு மந்திரவாதிகளின் கதையைப் படிக்கிறான். விளையாடும்போது ஒரு குச்சியை நீட்டிப் புரியாத சொற்களை உச்சரிக்கிறான். அந்தப் புத்தகத்தைப் பிடுங்கி வைத்துவிடலாமா? அதைப் படிப்பதால் அவனுடைய பக்தி குறைந்துவிடுமா? மாயமும் மந்திரமும் நிறைந்த கதை குழந்தையின் மனத்தைத் தவறான வழியில் இழுத்துச் செல்லாதா?

கேள்வி எளியதாகத் தோன்றலாம். ஆனால் இதற்குள் ஒரு தாயின் உண்மையான கவலை இருக்கிறது. குழந்தை எதை விரும்பக் கற்றுக்கொள்கிறதோ, அதை நோக்கியே அதன் வாழ்க்கை திரும்பும் என்பதை அவள் அறிவாள். ஆகவே இக்கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிடாமல் பொறுமையாக ஆராய்வது நம் கடமை.

நெருப்பில் விழுந்த நூல்கள்

இந்தக் கவலை நம் நாட்டில் மட்டும் தோன்றியதன்று. ஜே. கே. ரௌலிங் என்ற ஆங்கில எழுத்தாளரின் ஹாரி பாட்டர் கதைகள் 1997-இல் தொடங்கி 2007-இல் ஏழாவது நூலுடன் நிறைவு பெற்றன. உலகெங்கும் 60 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்ற இந்த நூல்களைப் போல மதச் சர்ச்சைக்கு உள்ளான குழந்தைக் கதைகள் அண்மைக் காலத்தில் மிகக் குறைவு. பெற்றோரை இழந்த ஒரு சிறுவன், தான் மந்திரவாதிகளின் குலத்தில் பிறந்தவன் என்று அறிந்து, மந்திரம் கற்பிக்கும் பள்ளிக்குச் செல்வதே அக்கதையின் தொடக்கம்.

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் அலமோகோர்டோ என்ற ஊரில், 2001 டிசம்பர் 30 அன்று ஒரு கிறிஸ்தவ சபையினர் இந்த நூல்களை வெளிப்படையாகத் தீயிலிட்டனர். ஆர்கன்சா மாநிலத்தின் சீடர்வில் என்ற ஊரில், பெற்றோரின் எழுத்துமூல அனுமதியின்றி எந்த மாணவரும் பள்ளி நூலகத்தில் இவற்றை எடுக்கக் கூடாது என்று 2002-இல் கல்விக் குழு விதித்தது. வழக்கு நீதிமன்றம் சென்றது. நூல்களை மீண்டும் அனைவரும் எடுக்கும்படி அடுக்கில் வைக்குமாறு 2003-இல் கூட்டாட்சி நீதிமன்றம் ஆணையிட்டது. 2000 முதல் 2009 வரையிலான பத்து ஆண்டுகளில் மிக அதிகமாக எதிர்ப்புக்குள்ளான நூல்களின் பட்டியலில் இந்த வரிசையே முதலிடம் பெற்றது என்று அமெரிக்க நூலகச் சங்கம் அறிவித்தது. சர்ச்சை அத்துடன் ஓயவில்லை. 2019-இல் நாஷ்வில் நகரிலுள்ள ஒரு கத்தோலிக்கப் பள்ளியின் நூலகத்திலிருந்தும் இந்நூல்கள் அகற்றப்பட்டன. அவற்றிலுள்ள மந்திரங்கள் மெய்யானவை, படிப்பவர் தீய ஆவிகளை அழைத்துவிட நேரும் என்பது அங்கே கூறப்பட்ட காரணம்.

கத்தோலிக்கத் திருச்சபைக்குள்ளும் ஒருமித்த கருத்து இருக்கவில்லை. பின்னாளில் போப் பதினாறாம் பெனடிக்ட் ஆன கர்தினால் ராட்சிங்கர், இக்கதைகளில் நுட்பமான மயக்கம் உண்டு, அது குழந்தைகளின் நம்பிக்கை வேரூன்றுவதற்கு முன்பே அதைத் திரித்துவிடக் கூடும் என்ற கருத்தை 2003-இல் ஒரு கடிதத்தில் தெரிவித்திருந்தார். வாட்டிகன் நாளிதழோ 2008-இல் இந்நூல்களை ஆதரித்து ஒன்றும் எதிர்த்து ஒன்றுமாக இரு கட்டுரைகளை வெளியிட்டது. மறு ஆண்டில் இக்கதையின் ஒரு திரைப்படத்தைப் பாராட்டியும் எழுதியது.

அச்சத்தின் உள்ளே ஓர் உண்மை

நூலை எரித்தவர்களைப் பார்த்து நகைப்பது எளிது. ஆயினும் பிற சமயத்தாரின் கவலையை அவர்கள் நின்ற இடத்தில் நின்று புரிந்துகொள்வதே நம் மரபு நமக்குக் கற்பித்த பண்பு. பைபிளின் பழைய ஏற்பாட்டில், உபாகமத்தின் 18-ஆம் அதிகாரம் குறி பார்த்தல், சூனியம், மாந்திரீகம், இறந்தவரின் ஆவியை நாடுதல் ஆகியவற்றைக் கடுமையாக விலக்குகிறது. இந்த விலக்கின் உட்பொருள் என்ன? இறைவனிடம் தன்னை ஒப்படைக்க வேண்டிய மனிதன், அவனைத் தாண்டி வேறு சக்திகளைத் தன் விருப்பத்துக்கு ஏவல் செய்ய வைக்க முயல்கிறான். பிரார்த்தனையில் மனிதன் குனிகிறான். மாந்திரீகத்தில் நிமிர்ந்து கட்டளையிடுகிறான். முன்னதில் அகங்காரம் கரைகிறது, பின்னதில் வளர்கிறது.

இந்த வேறுபாடு மெய்யானது. பக்தியுள்ள எந்தப் பெற்றோரும் இதைப் பற்றிக் கவலைப்படுவதில் தவறில்லை. தவறு வேறோர் இடத்தில் நேர்கிறது. அகங்காரத்தின் மீது கொள்ள வேண்டிய அச்சத்தை, 'மந்திரம்' என்ற சொல்லின் மீது கொண்டுவிடும்போது, நோயை விட்டுவிட்டு அதன் பெயரைச் சுட்டெரிப்பது போல் ஆகிறது.

மறுதரப்பின் விடை

கிறிஸ்தவ சமயத்தின் ஆழ்ந்த பக்தர்களே மாயக் கதைகளை எழுதியிருக்கின்றனர். 1950 முதல் 1956 வரை ஏழு நூல்களாக நார்னியா கதைகளை எழுதிய சி. எஸ். லூயிஸ், தம் சமயத்தை விளக்கிப் பல நூல்கள் எழுதியவர். அவருடைய நண்பர் டோல்கின் உறுதியான கத்தோலிக்கர். 1954, 1955-ஆம் ஆண்டுகளில் வெளிவந்த அவருடைய பெருங்கதையின் மையம் ஒரு மந்திர மோதிரம். அதை அணிந்து வெல்வதன்று, அதை அழிப்பதே அக்கதையின் நாயகனுக்கு இடப்பட்ட பணி. நன்மைக்காகப் பயன்படுத்துகிறேன் என்று எவர் அதை ஏற்றாலும் அது அவரையே அடிமை கொள்ளும். ஆதிக்கத்தின் மீது மனிதனுக்குள்ள ஆசையை இதைவிடத் தெளிவாக ஒரு குழந்தைக்கு உணர்த்துவது கடினம்.

ஹாரி பாட்டர் கதையையும் முழுமையாகப் படித்தவர்கள் இதே இழையைக் காண்பார்கள். முதல் நூலில் ஒரு கண்ணாடி வருகிறது. பார்ப்பவரின் ஆழ்ந்த ஆசையை அது காட்டும். அதன் முன் அமர்ந்தே வாழ்நாளை வீணாக்கியவர்கள் உண்டு என்று சிறுவனை ஆசிரியர் எச்சரிக்கிறார். அழியா வாழ்வும் பொன்னும் தரும் கல்லைத் தீயவன் தேடுகிறான். அவனால் அடைய முடிவதில்லை. அதைக் கண்டடைய வேண்டும், ஆனால் தனக்கென்று பயன்படுத்தக் கூடாது என்று எண்ணுபவனுக்கே அது கிட்டும்படி வைக்கப்பட்டிருக்கிறது. இறுதி நூலில் இறந்தவரை அழைக்கும் கல்லை நாயகன் காட்டில் நழுவவிட்டுத் தேடாமல் செல்கிறான். வெல்ல முடியாத மந்திரக்கோலையும் வேண்டாம் என்று திருப்பி வைக்க முடிவு செய்கிறான். அந்நூலின் ஓர் அத்தியாயத்தில் கல்லறைகளின் மீது பைபிள் வாசகங்கள் இரண்டு பொறிக்கப்பட்டிருக்கின்றன. தம் கதையிலுள்ள கிறிஸ்தவச் சாயல் தமக்கு எப்போதும் வெளிப்படையாகவே தெரிந்திருந்தது என்று 2007-இல் ஆசிரியரே கூறினார். எரிக்கப்பட்ட நூல்களின் முடிவு அப்போது எவருக்கும் தெரியாது. முடிவு தெரியும்வரை காத்திருக்க நெருப்புக்குப் பொறுமை இல்லை.

இரணியனும் அயல்நாட்டுக் கதையும்

நம் மரபுக்கு மாயக் கதை புதிதன்று. பதினோராம் நூற்றாண்டில் காஷ்மீரத்தில் சோமதேவர் இயற்றிய கதாசரித்சாகரம் வித்தியாதரர்களாலும் வேதாளங்களாலும் நிறைந்தது. மாரீசன் பொன்மானாகிறான். கடோத்கசன் மாயப் போர் புரிகிறான். பேசும் பறவையும் பறக்கும் விமானமும் இல்லாத நம் பாட்டி கதை எது? இவற்றைக் கேட்டு வளர்ந்த தலைமுறைகள் பக்தியை இழந்துவிடவில்லை. ஏன்?

நம் புராணங்களில் சக்தி பெற்றவர்களின் கதி எப்படி முடிகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பஸ்மாசுரன் தவம் செய்து, யார் தலையில் கை வைத்தாலும் அவர் சாம்பலாகும் வரத்தைப் பெற்றான். இறுதியில் தன் கையாலேயே சாம்பலானான். இரணியகசிபு செய்த தவமோ அதனினும் பெரிது. மனிதனாலும் விலங்காலும், பகலிலும் இரவிலும், உள்ளேயும் வெளியேயும், மண்ணிலும் விண்ணிலும், எந்த ஆயுதத்தாலும் தனக்கு மரணம் நேரக் கூடாது என்று ஒவ்வொரு வாயிலையும் அடைத்தான். அவன் வீட்டிலேயே ஒரு குழந்தை இருந்தது. அதனிடம் வரம் இல்லை, படை இல்லை, மாயம் இல்லை. அன்பு மட்டுமே இருந்தது. யானையாலும் நஞ்சாலும் தீயாலும் அசுரர்களின் மாயையாலும் அந்தக் குழந்தையை எதுவும் செய்ய இயலவில்லை. அடைக்கப்பட்ட வாயில்களுக்கு இடையே, அந்தி வேளையில், வாசற்படியில் நரசிம்மம் அமர்ந்தது.

இப்போது அந்த அயல்நாட்டுக் கதையைப் பாருங்கள். அதன் தீயவன் வால்டெமார்ட்டுக்கும் மரணமே பேரச்சம். சாகாமல் இருப்பதற்காகக் கொலைகள் புரிந்து தன் ஆன்மாவையே கூறு கூறாகப் பிளந்து பல பொருள்களில் ஒளித்து வைக்கிறான். அவனுடைய சாபம் ஒரு பச்சிளங் குழந்தையிடம் தோற்கிறது. அக்குழந்தைக்காகத் தன் உயிரைக் கொடுத்த தாயின் அன்பே அதற்குக் கவசம். பிரகலாதனின் கதையைக் கேட்டு வளர்ந்த சிறுவனுக்கு இதில் புரியாதது எதுவும் இல்லை. பிரகலாதனின் பக்தியும் தாயின் தியாகமும் ஒன்றே என்று கூற வரவில்லை. பிரகலாதன் தன்னைக் காக்க இறைவனை அழைத்தவன்கூட அல்லன். இறைவனைத் தவிர வேறெதையும் காணாதவன். அந்த உயரம் வேறு. ஆனால் மரணத்துக்கு அஞ்சிச் சக்தியைத் திரட்டுபவன் வீழ்வான், அன்பில் நிற்பவன் நிலைப்பான் என்ற பாடம் இரு கதைகளிலும் இருக்கிறது.

நரேந்திரன் கேட்ட கேள்வி

மாய சக்திகளைப் பற்றி நம் சாத்திரங்கள் கொண்ட நிலை வியப்புக்குரியது. அவை இல்லை என்று சாத்திரங்கள் மறுக்கவில்லை; அவற்றுக்கு அஞ்சவும் இல்லை; விரும்பவும் இல்லை. பதஞ்சலி முனிவர் தமது யோக சூத்திரத்தின் மூன்றாம் பகுதியில் பெரும்பங்கை யோகத்தால் விளையும் ஆற்றல்களுக்கு ஒதுக்கினார். அங்கேயே, உலகியல் நோக்கில் வெற்றிகளாகத் தோன்றும் அவை சமாதிக்கு இடையூறுகள் என்றும் அறிவித்தார். மத யானையை அடக்குவதும் நீர்மேல் நடப்பதும் கூடும், மனத்தை அடக்கிச் சும்மா இருப்பதே அரிது என்று தாயுமானவர் உருகினார்.

பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர் (1836–1886) கூறிய கதை பலரும் அறிந்தது. வீட்டைத் துறந்து சென்ற அண்ணன் பல ஆண்டுத் தவத்துக்குப் பின் திரும்பி வந்து, ஆற்றின் மேல் நடந்து காட்டினான். தம்பியோ படகுக்காரனுக்குச் சில்லறைக் காசு கொடுத்து அக்கரை சேர்ந்தான். இத்தனை ஆண்டுத் தவத்தின் மதிப்பு அந்தக் காசுதானா என்று தம்பி கேட்டதற்கு அண்ணனிடம் விடையில்லை.

இதனினும் ஆழமான நிகழ்ச்சி ஒன்று தட்சிணேசுவரத்தில் நடந்தது. தமது தவத்தின் பயனாக அணிமா முதலிய சித்திகள் தமக்குக் கைகூடியிருப்பதாகவும், அவற்றால் தமக்குப் பயனில்லை என்பதால் அன்னையிடம் வேண்டி நரேந்திரனுக்குக் கொடுத்துவிட நினைப்பதாகவும் குருதேவர் ஒருநாள் தம் இளம் சீடனிடம் கூறினார். இளைஞனுக்கு இதைவிடப் பெரிய சோதனை எது? நரேந்திரன் ஒன்றை மட்டுமே கேட்டான்: இறைவனை அடைய அவை தனக்கு உதவுமா? அதற்கு உதவா, ஆனால் பின்னர் பணிகளில் ஈடுபடும்போது பயன்படலாம் என்றார் குருதேவர். அப்படியானால் இப்போது வேண்டாம், முதலில் இறையனுபூதி. அவை தேவையா என்பதைப் பிறகு பார்க்கலாம் என்று நரேந்திரன் மறுத்துவிட்டான். குருதேவரின் மகிழ்ச்சிக்கு அளவில்லை.

எட்டுச் சித்திகளும் கைக்கெட்டும் தொலைவில் இருக்கும்போது வேண்டாம் என்று சொல்லும் திறன் எங்கிருந்து வந்தது? சித்திகளைப் பற்றிக் கேள்விப்படாமல் இருந்ததனால் அன்று. சிறுவயதில் நரேந்திரன் தாயின் மடியில் இராமாயண, மகாபாரதக் கதைகளைக் கேட்டே வளர்ந்தவன். நண்பன் வீட்டுச் சண்பக மரத்தில் ஒரு பிரம்மராட்சசன் இருக்கிறான், ஏறுபவர்களின் கழுத்தை முறித்துவிடுவான் என்று ஒரு முதியவர் பயமுறுத்தியபோது, அவர் தலை மறைந்ததும் மீண்டும் ஏறியவனும் அவனே. சொல்வது மெய்யானால் தன் கழுத்து எப்போதோ முறிந்திருக்க வேண்டுமே என்று நண்பனைத் தேற்றினான். கதையைச் சுவைக்கத் தெரிந்தவன், ஆனால் கதையைக் கண்டு அஞ்சத் தெரியாதவன். தடையால் அவன் காக்கப்படவில்லை, விவேகத்தால் காக்கப்பட்டான். பிற்காலத்தில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் 1900 ஜனவரியில் மன ஆற்றல்களைப் பற்றிப் பேசியபோதும், தாம் கண்ட அற்புதங்களை அவர் மறைக்கவில்லை. அவற்றின் பின்னுள்ள விதியை ஆராயவே அழைத்தார்.

உண்மையான ஆபத்து எங்கே?

இந்த இடத்தில் பெரியவர்கள் தம் உள்ளத்தைத் தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். புத்தகத்தை மூடிய சிறுவனுக்குத் தன் கையிலிருப்பது வெறும் குச்சி என்று தெரியும். அவனைக் கண்டிக்கும் பெரியவருக்குத் தம் கையிலுள்ள தாயத்து வெறும் தகடு என்று தெரியுமா? எதிரியை முடக்க ஒரு பரிகாரம், வழக்கில் வெல்ல ஒரு யந்திரம், ஒரே வாரத்தில் செல்வம் தரும் மோதிரம் என்று ஓடுபவர்கள் கதை படிக்கும் குழந்தைகள் அல்லர். வெறுங்கையில் பொருளை வரவழைப்பவரை அவதாரம் என்று வணங்கி, மனத்தூய்மையைப் போதிப்பவரை எளியவர் என்று கடந்து செல்வதும் பெரியவர்களே.

இதன் கொடிய எல்லையை நம் நாடு கண்டிருக்கிறது. சூனியக்காரி என்று பழிசுமத்திப் பெண்களை வதைப்பதைத் தடுக்கப் பீகார் 1999-இல் தனிச் சட்டம் இயற்றியது. ஜார்க்கண்டில் 2001-இலும் சத்தீஸ்கரில் 2005-இலும் அத்தகைய சட்டம் வந்தது. நரபலி, பில்லிசூனியம் போன்ற கொடுமைகளுக்கு எதிராக 2013-இல் மகாராஷ்டிரம் சட்டம் கொண்டுவந்தது. இச்சட்டங்களைத் தேவையாக்கியது எந்தக் கதைப் புத்தகமும் அன்று. கதையைக் கதை என்று பிரித்தறியும் விவேகத்தைச் சிறுவயதில் பெறாமல் வளர்ந்த மனங்களே அவற்றைத் தேவையாக்கின. கணவனை இழந்து தனித்து வாழும் ஓர் ஏழைப் பெண்ணின் மீது ஊரே கல்லெறியும்போது, எறிபவர் ஒவ்வொருவரும் மாயத்தை மெய்யென்று நம்பிய பெரியவர். குழந்தைக்கு விவேகம் கற்பிப்பது எவ்வளவு பெரிய தர்மம் என்பதை அந்தப் பெண்ணின் நிலையில் நின்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

பெற்றோர் செய்யக் கூடியது

அப்படியானால் எந்தக் கதையையும் தடையின்றிக் குழந்தையின் கையில் கொடுத்துவிடலாமா? அதுவும் சரியன்று. சக்தியை மட்டுமே கொண்டாடி, பழிவாங்குவதை வீரமாகக் காட்டி, கொடுமையை வேடிக்கையாக்கும் கதைகள் உண்டு. நல்ல கதையிலும் குறைகள் உண்டு. ஹாரி பாட்டரின் நாயகனும் பொய் சொல்கிறான், விதிகளை மீறுகிறான், கோபத்தின் உச்சத்தில், தடைசெய்யப்பட்ட சாபத்தையே ஏவுகிறான். மிகச் சிறிய குழந்தைக்கு அச்சம் தரும் பகுதிகளும் பிற்பகுதி நூல்களில் உள்ளன. ஆகவே வயதறிந்து கொடுப்பதும், பெற்றோரும் உடன் படிப்பதும் அவசியம்.

படித்தபின் குழந்தையுடன் அமர்ந்து மூன்று கேள்விகளைப் பேசலாம். இந்தச் சக்தி அவனுக்கு எப்படிக் கிடைத்தது? அதை யாருக்காகப் பயன்படுத்தினான்? இறுதியில் எதை வேண்டாம் என்று விட்டான்? முதல் கேள்வி மட்டும் போதாது. இராவணனும் இரணியனும் கடுந்தவத்தாலேயே சக்தி பெற்றார்கள். இரண்டாவது கேள்வியில் சுயநலமும் சேவையும் பிரியும். மூன்றாவது கேள்வியில்தான் ஒரு கதை குழந்தையை எங்கே கொண்டு சேர்க்கிறது என்பது தெரியும். இக்கேள்விகளை மாயக் கதைக்கு மட்டுமன்றி, திரைப்படத்துக்கும் அரசியலுக்கும் செல்வத்துக்கும் தம் சொந்த வாழ்க்கைக்கும் அந்தக் குழந்தை வளர்ந்தபின் தானாகவே கேட்டுக்கொள்ளும்.

அதே வேளையில் பிரகலாதனையும் துருவனையும் நசிகேதனையும் அக்குழந்தைக்குச் சொல்வதும் பெற்றோரின் பொறுப்பு. இயமனின் வாயிலில் நின்று நீண்ட ஆயுளையும் செல்வத்தையும் அரசையும் மறுத்து ஆன்ம ஞானத்தையே கேட்ட சிறுவனின் கதை எந்த மாயக் கதைக்கும் சுவையில் குறைந்ததன்று. அதைச் சுவையாகச் சொல்ல நேரமில்லாத வீட்டில், அயல்நாட்டுப் புத்தகத்தின் மீது குறை கூறிப் பயனில்லை. பிடுங்கப்பட்ட புத்தகம் வேறிடத்தில் மறைவாகப் படிக்கப்படும். உடன் அமர்ந்து படிக்கப்பட்ட புத்தகமோ சத்சங்கமாகும்.

அந்தத் தாய் இன்றிரவு போர்வையைச் சற்றே விலக்கி, மகனின் அருகில் அமரட்டும். அவன் படித்த பக்கத்தைத் தனக்கும் படித்துக் காட்டச் சொல்லட்டும். கதை முடிந்ததும், இத்தனை சக்தியும் உனக்குக் கிடைத்தால் என்ன செய்வாய் என்று கேட்கட்டும். தட்சிணேசுவரத்தில் ஓர் இளைஞன் தன் குருவிடம் கேட்ட கேள்வியை அவனுக்கு அப்போது கதையாகச் சொல்லட்டும். இது என்னை இறைவனிடம் சேர்க்குமா என்ற அந்த ஒரு கேள்வி குழந்தையின் நெஞ்சில் பதிந்துவிட்டால், எந்த மந்திரக்கோலும் அவனை மயக்காது. அன்னை பராசக்தி நம் இல்லங்களின் குழந்தைகளுக்கு அந்த விவேகத்தையும், அதைக் கற்பிக்கும் பொறுமையை நமக்கும் அருள்வாளாக!